அண்டாவுக்கு இரண்டு காது

விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே
கேட்டீர்கள், நடனசபாபதி,
சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று.

முதலில் ஒரு பின் கிடைக்கும்.
சட்டையில் மாட்டலாம். துவைக்கப் போடும்போது
கழற்ற மறந்தால் வீட்டம்மா விரலைக் கிழிக்கும்.
மாதச் சந்தா இருநூறு.
இரண்டாவது ஞாயிறு, கடலூர் முதுநகரில்
உரக்கடை மாடியில் கூட்டம்.
ஏழு மணி என்றால் ஏழே முக்கால்.
போண்டா ஆறியிருக்கும்.

நான் சேர்ந்தது மோட்டார் விற்க.
ஒளிக்க என்ன இருக்கிறது?
முப்பத்தொரு உறுப்பினர் என்றதும்
முப்பத்தொரு கிணறு என்று கணக்குப் போட்டேன்.
நான்கு வருஷத்தில் விற்றது இரண்டு.
அதில் ஒன்றுக்குப் பாக்கி இன்னும் நிற்கிறது:
சோகன்லால், அடகுக்கடை,
ஊர் வட்டியெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவர்.

மூன்றாம் மாதம் தனகோட்டி சேர்ந்தான்.
உங்களுக்குத் தெரிந்த கதைதான்.
என் பின்சுவரில் முக்கால் அடி தன்னுடையது என்று
மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
ஒன்பது வருஷமாக என்னை நிற்கவைத்திருப்பவன்.
சங்க விதி ஐந்து:
உறுப்பினர் ஒருவரையொருவர்
சகோதரர் என்றே விளிக்க வேண்டும்.
"சகோதரர் தனகோட்டி" என்று செயலாளர் வாசிக்க
போண்டா எனக்குத் தொண்டையில் நின்றது.

அந்தக் கார்த்திகையில் பெண்ணையாறு கரை உடைத்தது.
குண்டு உப்பலவாடியில் இடுப்பளவுத் தண்ணீர்.
மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நானூறு பேர்.
டாக்டர் பிரமிளா மாத்திரை எண்ணினார்.
ஜபருல்லா தன் மீன் லாரியை
மூன்று தரம் கழுவிச் சாப்பாடு ஏற்றினார்;
கழுவியும் சாம்பார் சாதம்
வஞ்சிரமாகத்தான் மணத்தது.
லாரி பாலத்தோடு நின்றுவிட்டது.
அதற்கு மேல் தூக்கித்தான் போகவேண்டும்.

அண்டாவுக்கு இரண்டு காது.
ஒன்றை நான் பிடித்தேன்.
மற்றதைப் பிடித்தவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.
நகம் செத்த கட்டைவிரல் போதாதா?
ஒன்பது வருஷமாகக் கோர்ட் வாசல் டீக்கடையில்
எதிர்பெஞ்சில் கிளாஸ் பிடிக்கிற விரல்.

"இடது பக்கம் பள்ளம்" என்றான்.
வக்கீல் இல்லாமல் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.
"தெரியுது" என்றேன்.
தெரியவில்லை. காலை விட்டேன்.
நான் தாழ்ந்த அளவு
அவனும் சட்டென்று தாழ்ந்தான்,
கொதிக்கிற விளிம்பு முன்கையில் பட்டது பட்டபடி.
ஒரு பருக்கை சிந்தவில்லை என்று சொல்ல ஆசைதான்.
கால்வாசி போயிற்று.

எட்டு நடை நடந்தோம்.
கடைசி நடையில், ஈரப் புடவையோடு ஒருத்தி
வாயில் வைத்ததும் "உப்பு கம்மி" என்றாள்.
எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது.
அதுதான் நாங்கள் எட்டிய முதல் உடன்பாடு.

வழக்கு நடக்கிறது.
சுவர் என்னுடையது, அதில் மாற்றமில்லை.
வாய்தா தேதியை
முந்தின ராத்திரி எனக்கு நினைவுபடுத்துவது அவன்.
மழையென்றால் ஒரே ஆட்டோவில் போய்
தனித்தனியாக இறங்குகிறோம்.

வேறென்ன கிடைத்தது?
முப்பத்தொரு பேருடைய ரத்த வகை மனப்பாடம்.
சோகன்லால் ஓ நெகட்டிவ்.
அதனால் பாக்கியை அழுத்திக் கேட்பதில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு
யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று தெரியும்.
என் கதவும் தட்டப்படுகிறது. தூக்கம் குறைவு.
பிணப்பெட்டி ஐஸ் மிஷினுக்கு
பிளக் பாயிண்ட் தேடுவதில் கை தேர்ந்துவிட்டேன்.
லாபக் கணக்கில் எங்கே எழுதுவது இதை?
எழுத இடமில்லாமல்தான் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பையிலிருந்து படிவத்தை எடுங்கள்.
முன்மொழிபவர் என்ற இடத்தில் என் பெயர்.
வழிமொழிய இன்னொரு கையெழுத்து வேண்டும்.
கொல்லைப் பக்கம் போய்க் குரல் கொடுங்கள்,
கடையில்தான் இருப்பான்.
சுவர் அங்கே அவ்வளவு உயரமில்லை.